கேமில் அரிய ஐட்டங்களை எப்போதுதான் பயன்படுத்துவது?

கேள்வி: "பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. இரவில் ஒரு மணி நேரம்தான் விளையாடக் கிடைக்கிறது. எந்த கேமை முடித்தாலும் எலிக்சர், ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்), அரிய போஷன் (மருந்துக் குப்பி) எல்லாம் தொடாமலே பையில் மிஞ்சுகின்றன. எப்போது எடுப்பது என்று யாராவது சொல்லுங்களேன்."

ஒரு ஐட்டம் எவ்வளவு அரியது என்பதை வைத்து முடிவெடுக்கப் போனால் கடைசிவரை கை வராது. நீங்கள் செத்தால் அது திரும்பி வருமா? முதலில் இதைப் பாருங்கள். கேமுக்கு கேம் பதில் மாறும். பயன்படுத்தும் நேரமும் அதற்கேற்ப மாறும்.

பால்டர்ஸ் கேட் 3-ல் தோற்றால் பழைய சேவ் திறக்கும். அந்தச் சண்டையில் குடித்தது, வாசித்தது எல்லாம் மறுபடி பையில் இருக்கும். ஜெயித்தால்தான் ஐட்டம் செலவாகிறது. எனவே இந்த மாதிரி கேமில் முதல் முயற்சியிலேயே நல்லதை எடுங்கள். வேகம் தரும் போஷன் 3 டர்ன்தான் (ஒவ்வொருவருக்கும் மாறி மாறி வரும் முறை) நிற்கும். அது தீர்ந்ததும் அந்த ஆள் சோர்ந்துபோய் ஒரு டர்ன் சும்மா நிற்பார். உயிர் போகும் கட்டத்தில் குடித்தால் அந்தச் சோர்வே ஆளைக் கொன்றுவிடும். சண்டை தொடங்கிய முதல் டர்னிலேயே குடித்து, எதிரிகளில் பலசாலியை 3 டர்னுக்குள் சாய்த்துவிட வேண்டும். காயம் ஆற்றும் போஷனைக் குடிக்க போனஸ் ஆக்ஷன் (ஒரு டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயல்) போதும், அதே டர்னில் அடிக்கவும் முடியும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து கிடந்தால் அதையே அவர்கள் நடுவே தரையில் வீசுங்கள், இருவரும் எழுந்துவிடுவார்கள். ஸ்க்ரோலை மந்திரவாதிதான் வாசிக்க வேண்டும் என்பதும் இல்லை. எந்த கிளாஸும் (பாத்திர வகை) வாசிக்கலாம். தூரத்து எதிரியை எட்ட முடியாமல் நிற்கும் வாள்வீரனிடம் இரண்டு கொடுத்து வையுங்கள்.

எல்டன் ரிங்கில் கதையே வேறு. கேம் தன்போக்கில் சேவ் செய்துகொண்டே இருக்கும். செத்தாலும் எடுத்தது போனதுதான். அங்கே ரூன் ஆர்க் என்று ஒன்று உண்டு. எடுத்தால் நீங்கள் பொருத்தியிருக்கும் கிரேட் ரூனின் சக்தி கிடைக்கும், செத்த நொடியில் அது போய்விடும். புதிய பாஸிடம் (பெரிய எதிரி) முதல் முறை போகும்போது எடுப்பது வீண். அடிகள் எப்படி வருகின்றன, இரண்டாம் கட்டம் எப்போது தொடங்குகிறது என்று சும்மா போய்ப் பாருங்கள். இரண்டாம் கட்டம்வரை தடுமாறாமல் போக முடிகிறது, ஆனால் அங்கே உயிர் பற்றவில்லை என்ற நிலை வந்ததும் எடுங்கள். பலர் செய்வது நேர் எதிர்: பயத்தில் முதல் முயற்சியில் ஒன்றைச் செலவழித்து, அரை நிமிடத்தில் செத்து, "இனிமேல் எடுக்கவே கூடாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தீர்ந்துபோனாலும் வழி உண்டு. வேறொருவர் உலகத்துக்குத் துணையாகப் போய் அவருடைய பாஸை வீழ்த்தினால் ஒன்று கிடைக்கும்.

உங்களைப் போல ஒரு மணி நேரம்தான் கையில் என்றால் கணக்கு இன்னும் எளிது. ஒரு பாஸ் முயற்சிக்கு 15 நிமிடம் என்று வையுங்கள். இரண்டு தோல்வியில் அரை மணி நேரம் போய்விடும். அந்த அரை மணி நேரத்தைக் கேம் திருப்பித் தராது, போஷனை எங்காவது ஒரு கடைக்காரன் விற்பான்.

தானாக நிரம்பும் பொருள்களில் தயங்கவே தேவையில்லை. விட்சர் 3-ல் தியானம் செய்தால் பையிலுள்ள ஒரு மதுபாட்டில் செலவில் போஷன், குண்டு எல்லாம் நிரம்பிவிடும். அதைச் சேமிப்பதில் அர்த்தமே இல்லை.

இடம் குறைவான கேம்களில் சேமிப்பு நேரடி நஷ்டம். ஸ்லே தி ஸ்பயரில் போஷனுக்கு 3 இடம்தான், அசென்ஷன் (கடினத்தைக் கூட்டும் படி) 11 முதல் 2. சண்டை முடிந்து போஷன் விழும் வாய்ப்பு 40 சதவீதத்தில் தொடங்கும். விழாவிட்டால் 10 கூடும், விழுந்தால் 10 குறையும். மூன்றும் நிரம்பியிருக்கும்போது புதியது விழுந்தால் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். இடம் நிரம்பியதும் அடுத்த எலைட் (வலிமையான எதிரி) சண்டையில் ஒன்றை ஊற்றிவிடுங்கள். அங்கே காப்பாற்றும் உயிர், பிறகு ஓய்விடத்தில் தூங்காமல் ஒரு கார்டை மேம்படுத்த உதவும்.

செல்டாவின் பிரெத் ஆஃப் தி வைல்டில் டுரியான்கூட உண்டு. பாலிக் புலாவில் வாங்கியதை அன்றைக்கே உடைத்துச் சாப்பிடும் நம் ஊர்க்காரர்கள்கூட அங்கே அதைப் பதுக்குகிறார்கள், கேமில் அழுகாது என்பதால். ஒரே ஒரு டுரியானைச் சமைத்தாலே எல்லா இதயமும் நிரம்பி மேலே 4 கூடுதலாக வரும். ஐந்தைச் சேர்த்துச் சமைத்தால் கூடுதல் 20 வரும். ஆனால் காயம் ஆற்ற மட்டும் என்றால் நான்கு பழம் வீண். தனித்தனியாக ஐந்து சாப்பாடு செய்யுங்கள். ஃபாரோன் கோபுரத்தின் அருகே மேட்டில் மரங்கள் நிறைய, மறுபடி காய்க்கும்.

நிரந்தரமாக உயர்த்துபவற்றை கிடைத்த அன்றே பயன்படுத்துங்கள். 2005-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4-ல் மஞ்சள் மூலிகையைப் பச்சையோடு கலந்து சாப்பிட்டால் உயிரின் உச்ச அளவே கூடும். முதல் அத்தியாயத்தில் சாப்பிட்டால் கேம் முழுக்கப் பலன், கடைசியில் சாப்பிட்டால் கடைசி சில அறைகளுக்குத்தான். பெட்டியில் இடமும் மிச்சம். எல்டன் ரிங்கில் பிளாஸ்க் (உயிர் நிரப்பும் குடுவை) எண்ணிக்கையைக் கூட்டும் பொன் விதையும் அப்படித்தான்.

உண்மையிலேயே காத்து வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். போக்கிமானில் எதையும் தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் என்ற பந்தை ஓடி ஒளியும் ரகத்துக்கு வையுங்கள். ஒரே இடத்தில் நிற்பதை முன்கூட்டியே சேவ் செய்து சாதாரண பந்தால் பிடிக்கலாம். எல்டன் ரிங்கில் ஒரு ஆயுதத்தை 25-வது படிக்கு ஏற்றும் கல்லும், லெவல்களைக் கலைத்து மறுபடி பிரிக்க உதவும் லார்வல் டியரும் அளவோடுதான் கிடைக்கும். கைப்பேசியில் கென்ஷின் இம்பாக்ட் ஆடினால், 60 ரெசின் (பரிசு பெறச் செலவாகும் சக்தி) தரும் ஃபிரஜைல் ரெசினை அட்வென்ச்சர் ரேங்க் 45 வரை தொடாதீர்கள். அதற்குப் பிறகுதான் ஆர்டிஃபாக்ட் (பாத்திரத்துக்கு அணிவிக்கும் பொருள்) கிடைக்கும் டொமைனில் 5 நட்சத்திரம் உறுதி. ஒரு ஃபிரஜைல் ரெசினுக்கு 3 ஓட்டம் வரும். சாதாரண ரெசினில் மட்டும் அந்தப் பொறுமை வேண்டாம். 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறி 200-ல் நின்றுவிடும். காலியான நிலையிலிருந்து நிரம்ப 26 மணி 40 நிமிடம். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை கேமைத் திறந்து செலவழித்துவிடுங்கள்.