குழுக் காப்பீட்டு பிரீமியம் ஏறினால் கோ-பே தீர்வாகுமா?

பிரீமியம் ஏறிவிட்டதால் ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் 20 சதவீத கோ-பே (மருத்துவச் செலவில் ஒரு பங்கை நோயாளியே கட்டுவது) விதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அது சிகிச்சையின் விலையைக் குறைக்காது, செலவில் ஒரு பங்கைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிடும்.

பிரீமியம் ஏறியதற்கு, ஒரே சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை கட்டணம் வேறுபடுவதே காரணமாக இருக்கக்கூடும். டிபிஏ-விடம் (காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்ம்களைக் கையாளும் நிறுவனம்) பெயர்கள் நீக்கிய கிளெய்ம் பட்டியலைக் கேட்டு வாங்கி, கண்புரை, பிரசவம் இரண்டை மட்டுமாவது மருத்துவமனை வாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். அறை வாடகையையும் விட்டுவிடாதீர்கள். பல இடங்களில் அது உயர்ந்தால் டாக்டர் கட்டணமும் கூடவே ஏறும்.

கலிபோர்னிய அரசு ஊழியர்களுக்கான கால்பெர்ஸ் அமைப்பு, 2011-இல் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குத் தான் தரும் தொகைக்கு 30,000 டாலர் வரம்பு வைத்தபோது, அதைவிடக் கூடுதலாக வாங்கிவந்த மருத்துவமனைகள் பலவும் விலையைக் குறைத்தன.

ஆனால் முன்கூட்டியே திட்டமிடும் சிகிச்சைக்குத்தான் இப்படி வரம்பு வைப்பது பொருந்தும். மாரடைப்பு வந்தவர் விலை விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.