வெறுப்பை எதிர்ப்பவர்களுக்கு விருது கொடுப்பதால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

"எல்லாம் போட்டோ எடுக்கத்தானே" என்று கேள்விக்குக் கீழேயே எழுதியிருக்கிறீர்கள். யாரையோ பரிந்துரைக்கச் சொல்லி உங்கள் கைக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது, நிரப்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். நிரப்புங்கள். நான் நிரப்பினேன், விருது கிடைக்கவில்லை, அப்புறமும் இதைத்தான் சொல்கிறேன்.

என் மகள் போய்வந்த பள்ளி வேனின் ஓட்டுநருக்காக நிரப்பினேன். பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஒரு மதத்துக்காரர்களைச் சொல்லி ஒரு குரல் பதிவு எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டே நாளில் சில பெற்றோர் அவரிடம் போய், அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வையுங்கள், முடிந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பேச்சு ஓடியபோது நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவர் ஒரே ஒரு பதில் போட்டார்: "வண்டி ஒன்றுதான், எல்லாரும் அதில்தான். பிடிக்காதவர்கள் பிள்ளையைத் தாங்களே கொண்டுபோய் விட்டுக்கொள்ளலாம்." ஏழு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், அந்த மாதம் ஏழு பேரின் கட்டணம் அவருக்கு இல்லை. மூன்று மாதத்தில் ஐந்து பேர் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்தார்கள், அவரும் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார்.

மத நல்லிணக்கத்துக்காக ஆண்டுதோறும் விருது கொடுக்கும் ஓர் அமைப்புக்கு அவரைப் பற்றி எழுதி அனுப்பினேன். படிவத்தில் என்ன கேட்டார்கள் தெரியுமா? நடத்திய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை, பத்திரிகைச் செய்தி நறுக்குகள், படங்கள். ஒரு கலவரம் நடக்காமல் போனதற்கு எங்கே போய்ப் படம் எடுப்பது? (அந்த இணையப் படிவத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடிக்கும் நேரத்தில் பக்கம் காலாவதியாகிவிடும், கோப்பு பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பும், எந்த அளவில் வேண்டும் என்பதை மட்டும் சொல்லாது. மூன்று இரவு இப்படிப் போயிற்று. கணினி தெரியாத ஒருவர் யாரையும் பரிந்துரைக்கவே முடியாது.) கடைசியில் விருது ஓர் அமைதிப் பேரணி நடத்தியவருக்குப் போனது. அவர் தகுதியில்லாதவர் என்று நான் சொல்லவில்லை, கருத்துப் பகுதியில் அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

பிறகு ஏன் நிரப்பச் சொல்கிறேன் என்றால், இந்த விருதுகள் எல்லாமே மேடைக்காரர்களுக்குப் போவதில்லை. யுனெஸ்கோவின் மதன்ஜீத் சிங் பரிசை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் தொடங்கியது, சகிப்புத்தன்மைக்கும் அகிம்சைக்குமானது. 1996-இல் அது ருவாண்டாவின் 'ப்ரோ ஃபாம் துவேசே ஹம்வே' என்ற பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்புக்குப் போனது. இனப்படுகொலை நடந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. கொன்றவர்களின் வீட்டாரும் இழந்தவர்களின் வீட்டாரும் மறுபடி ஒரே ஊரில் வாழ வேண்டியிருந்த நாட்டில் அந்தப் பெண்கள் வேலை செய்தார்கள். 2009-இல் பாகிஸ்தானில் இலவச ஆம்புலன்ஸ் சேவை நடத்திய அப்துல் சத்தார் எதிக்குக் கொடுத்தார்கள், ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மதம் கேட்காத மனிதர்.

தவறிய இடங்களும் உண்டு, மறைக்கவில்லை. 2002-இல் இதே பரிசு மியான்மரின் ஜனநாயகப் போராட்டத் தலைவி ஆங் சான் சூச்சிக்குப் போனது. பின்னாளில் அந்நாட்டின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்களுக்கு நடந்த கொடுமைகளை அவர் கண்டிக்காததால், ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு தான் கொடுத்திருந்த வேறொரு விருதை 2018-இல் திரும்பப் பெற்றது. 2006-இல் பெற்ற, விடுதலைப் புலிகளை வெளிப்படையாக விமர்சித்த இலங்கைத் தமிழ் அரசியல்வாதி வீ. ஆனந்தசங்கரியைப் பற்றித் தமிழர்களிடையே இன்றும் ஒரே கருத்து கிடையாது. அதனால் விருதே வீண் என்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. வெறுப்பைப் பரப்புகிறவனுக்குக் கூட்டம் தானாகச் சேர்ந்துவிடுகிறது, எதிர்த்து நிற்கிறவன் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு பெயர், ஒரு காகிதம் இருந்தால் மிரட்ட வருகிறவன் கொஞ்சம் யோசிப்பான்.

'சகிப்புத்தன்மை' என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவதுபோல் இருக்கிறது. 1995 நவம்பர் 16 அன்று யுனெஸ்கோ ஏற்ற பிரகடனமும் அது விட்டுக்கொடுப்பதோ மேலே நின்று காட்டும் தயவோ இல்லை என்றுதான் சொல்கிறது. அந்த ஓட்டுநர் யாரையும் சகித்துக்கொள்ளவில்லை. எல்லாரும் அவர் வண்டிப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். அவரிடம் கேட்காமலே பெயரை அனுப்பிவிட்டேன். தேர்வுக் குழுவிலிருந்து போன் போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, "என் பெயர் வெளியே வந்தால் அந்த ஏழு வீட்டுக்காரர்களும் என்ன நினைப்பார்கள்" என்று வருத்தப்பட்டார். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் எழுதியதில் ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டார். வண்டியில் உரிமம், காப்பீட்டுத் தாள்களோடு அதையும் வைத்திருக்கிறார் என்று என் மகள் சொன்னாள்.