ஹெட்டர் மாத்துன கார்ல நாலு ஆக்ஸிஜன் சென்சாரையும் மாத்தணுமா?

வி6 ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கற ஒருத்தர் கேக்கறார்: ஆஃப்டர்மார்க்கெட் ஹெட்டரும் (எஞ்சின்லேர்ந்து புகையை வெளிய எடுக்கற பைப்) ஹை ஃப்ளோ கன்வெர்ட்டரும் (புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர்ல புகை சுலபமா போற ரகம்) போட்டதுலேர்ந்து செக் எஞ்சின் லைட் எரியுது, ஸ்கேன் பண்ணா பி0420, பி0430 ரெண்டும் வருது, மைலேஜும் இறங்கிடுச்சு, மெக்கானிக் நாலு சென்சாரையும் மாத்தச் சொல்றார், வயரை வெட்டி இணைக்கற யுனிவர்சல் சென்சார் விலை கம்மியா இருக்கு, வாங்கலாமா?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. அந்த ரெண்டு கோடும் சென்சார் போச்சுன்னு சொல்ற கோடு இல்ல, கன்வெர்ட்டர் தன் வேலைய சரியா செய்யலன்னு பின் சென்சார் கொடுக்கற ரிப்போர்ட். நல்ல கன்வெர்ட்டர் ஆக்ஸிஜனைப் பிடிச்சு வச்சு விடும், அதனால அதுக்குப் பின்னாடி இருக்கற சென்சார் பெருசா ஆடாம ஏறக்குறைய 0.6, 0.7 வோல்ட்ல நிக்கும். ஹை ஃப்ளோல உள்ள துளைங்க பெருசு, கோட்டிங் கம்மி, அதான் பின் சென்சாரும் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல மேலயும் கீழயும் ஆட ஆரம்பிக்குது. ரெண்டு பேங்க்லயும் (வி6 எஞ்சினோட ரெண்டு சிலிண்டர் வரிசை, ஒவ்வொன்னுக்கும் கன்வெர்ட்டருக்கு முன்ன ஒன்னு, பின்ன ஒன்னுன்னு சென்சார்) ஒரே நேரத்துல, அதுவும் பார்ட்ஸ் மாத்துன கையோட வருதுன்னா சென்சார் மேல பழி போடவே முடியாது, புதுசு போட்டாலும் அதே கோடு திரும்ப வரும். பி0135, பி0141 மாதிரி சென்சாருக்குள்ள இருக்கற ஹீட்டரோட கோடு வந்திருந்தா கதை வேற, அப்பவும் முதல்ல வயரைப் பாருங்க, ஹெட்டர் போட்டதும் வயர் போற வழி மாறி சூடான பைப்புல பட்டு உருகறது ரொம்ப சகஜம்.

மைலேஜ் இறங்குனதுக்கு எனக்கு முதல் சந்தேகம் லீக் மேல தான். ஹெட்டர் ஃப்ளேன்ஜ்ல (எஞ்சினோட போல்ட் போட்டு மாட்டற பட்டை) துளி இடைவெளி இருந்தாலும் எக்ஸாஸ்ட் துடிப்புக்கு நடுவுல வெளிக்காத்து உள்ள இழுபடும், முன் சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பாத்துட்டு கலவை லீன், அதாவது பெட்ரோல் கம்மின்னு சொல்லும், எஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவும் நம்பி பெட்ரோலைக் கூட்டும். எஞ்சின் நல்லா ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி டிக் டிக்னு சத்தம் வருதான்னு கேளுங்க, சூடானதும் மெட்டல் விரிஞ்சு சத்தம் அடங்கிடும், கேஸ்கெட் ஓரத்துல கருப்பா புகைக்கறை இருந்தா அங்க தான் லீக். ஸ்கேனர்ல லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (இசியு தொடர்ந்து கூட்டிக் குறைக்கற பெட்ரோல் அளவு) பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி நிக்குதான்னும் பாத்துடுங்க.

இதெல்லாம் சரியா இருந்து, வண்டி லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடியிருந்தா, முன்னாடி ரெண்டையும் ஜோடியா மாத்தறதுல தப்பில்ல. ஆனா யுனிவர்சல் வேண்டாம். முன் சென்சார் நிறைய வண்டியில வைட்பேண்ட் (கலவை எவ்வளவு மாறியிருக்குன்னு அளந்து சொல்றது), அந்த இடத்துல சாதா நேரோபேண்ட் (பெட்ரோல் கூடவா கம்மியான்னு மட்டும் சொல்றது) வேலையே செய்யாது. இன்னொன்னு, பல சென்சார் ஒப்பிட்டுப் பாக்கற வெளிக்காத்தை வயர் வழியா தான் இழுக்குது, சால்டர் வச்சு அடைச்சா ரீடிங் கெட்டுடும். டென்ஸோ, என்டிகே, பாஷ், இதுல உங்க வண்டிக்கு கம்பெனி எதைப் போட்டுச்சோ அதையே வயர் ப்ளக்கோட வாங்குங்க.

கழட்டும்போது எஞ்சின் லேசா சூடா இருக்கட்டும், பக்கவாட்டுல வெட்டு விட்ட 22 மிமீ சாக்கெட் போட்டா மரை கெடாது. புது சென்சார் மரையில பெரும்பாலும் ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காம இருக்கத் தடவற பேஸ்ட்) தடவியே வரும், நீங்க தடவுனா முனையில படவே கூடாது, சாதா சிலிக்கான் சீலன்ட் பக்கத்துலயே போகாதீங்க, அதோட ஆவியே சென்சாரைக் கொன்னுடும். ஹெட்டர்ல சென்சார் உக்கார்ற துளை கீழ்ப்பக்கமா இருந்தா மேல்ப்பக்கமா மாத்தி வெல்ட் பண்ணச் சொல்லுங்க, தண்ணி தேங்குனா உள்ள செராமிக் விரிசல் விடும்.

பின் சென்சாருக்கு ஸ்பேசர் (சென்சாரைப் புகைப் பாதையிலேர்ந்து கொஞ்சம் தள்ளி வைக்கற துண்டு) போட்டு கோடை அடக்கலாம்னு சிலர் சொல்வாங்க, பல நாட்டுல அது சட்ட விரோதம், நான் அதைப் போடச் சொல்ல மாட்டேன், செல் (உள்ள இருக்கற சின்னத் துளைங்க) அதிகமா இருக்கற நல்ல கன்வெர்ட்டர் போடுங்க. மாட்டும்போது ரெண்டு பேங்க் கனெக்டரையும் மாத்திக் குத்திடாதீங்க, குத்துனா ஒரு பக்கம் பெட்ரோல் ஏறிக்கிட்டே போகும், இன்னொரு பக்கம் குறைஞ்சுக்கிட்டே போகும்.