பழைய பென்ஸ் வாங்குமுன், வாங்கியபின்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1996 மாடல் பென்ஸ் ஈ220 (டபிள்யூ124) ஒன்று நாலரை லட்சத்துக்கு வருகிறது. புது பெயின்ட், பளபளவென்று இருக்கிறது. 88,000 கி.மீ.தான் ஓடியது என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: வண்டி நல்ல வண்டி. 1995 முதல் புனேயில் பாகங்களைச் சேர்த்துத் தயாரான முதல் பென்ஸ் கார் இதுதான். ஆனால் முப்பது வயது வண்டிக்கு விற்கும் நேரத்தில் புது பெயின்ட் அடித்திருந்தால், அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். முன் மட்கார்டின் பின்விளிம்பு, கதவுகளின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே இருப்பது பட்டி. பக்கவாட்டில் கீழே ஓடும் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் ஈரமும் மண்ணும் தங்கும், துரு அங்கேதான் பிடிக்கும். ஜாக்கி வைக்கும் நான்கு இடங்களையும் அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டாலோ, துகள் உதிர்ந்தாலோ அந்த வண்டி வேண்டாம். எஞ்சினை எப்போதும் சரிசெய்து கொள்ளலாம். பாடி துருவை ஒழுங்காகச் சரிசெய்யும் டிங்கர் வேலைக்கு வண்டி விலையே போதாது.

கிலோமீட்டரை மீட்டரில் பார்க்காதீர்கள், பிரேக் பெடல் ரப்பரில் பாருங்கள். 88,000 கி.மீ. ஓடிய வண்டியில் ரப்பரின் வரிகள் தெளிவாக இருக்கும். வழவழவென்று தேய்ந்திருந்தால், அல்லது மற்றதெல்லாம் பழசாக இருக்க ரப்பர் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால், சர்வீஸ் புத்தகத்தையும் பில்களையும் கேளுங்கள். காகிதம் இல்லாத குறைந்த கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தரவேண்டியதில்லை.

நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் ஆன சில நொடி நீலப்புகை வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, அது செலவுதான், பயமில்லை. வெண்புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்பு) வேலை. கூலன்ட் தொட்டியில் துருநிறத் தண்ணீர் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தையும் பாருங்கள். வயதாகி நொறுங்கிப்போன அந்தக் கழுத்து நெடுஞ்சாலையில் ஒடிந்தால், நிமிடங்களில் தண்ணீர் காலி, ஹெட்டும் வளைந்துவிடும்.

ஏசியைக் கடைசியாக, நின்றபடியே இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். "கேஸ் மட்டும் போட்டால் போதும்" என்ற பேச்சை நம்பவே வேண்டாம். இந்த மாடலில் எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஓட்டையாவது சகஜம், அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். வேலை நாள்கணக்கில் இழுக்கும், கூலியும் அதற்கேற்ப.

எல்லாம் சரியாக இருந்தாலும், வாங்கும் விலையில் பாதியை முதல் வருடச் செலவுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். அது முடியாதென்றால் இப்போது வாங்க வேண்டாம்.

கேள்வி: வாங்கி ஆறு மாதமான ஈ220. சிக்னலில் நின்றால் எஞ்சின் துடிக்கிறது, சில நேரம் ஒரு சிலிண்டர் வேலை செய்வதில்லை. பிளக், காயில், ஏர் மீட்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.
– சென்னை வாசகர்

பதில்: எஞ்சின் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். முதலில் எஞ்சின் வயரிங் ஹார்னஸை, அதாவது எஞ்சின் மேல் ஓடும் வயர்க் கட்டைப் பாருங்கள். 1990-களின் முதல் பாதியில் வந்த பென்ஸ் எஞ்சின்களின் வயர் உறை, சூட்டில் காய்ந்து உதிரும் வகை. வெளியே கறுப்பு உறை நன்றாகத்தான் தெரியும். உள்ளேதான் சிக்கல்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் பாகம்) பிளக் ஒன்றின் பின்னாலுள்ள வெளி உறையை ஓர் அங்குலம் மெதுவாக விலக்கி, உள்ளே போகும் மெல்லிய வயரை விரலால் லேசாக வளையுங்கள். நல்ல வயர் ரப்பர் போல வளைந்து கொடுக்கும். கெட்ட வயரின் உறை, பொரித்த அப்பளத்தை நசுக்கினாற்போல விரலிலேயே நொறுங்கும், உள்ளே செம்பு வெறுமனே தெரியும். அந்தச் செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும்போதுதான் உங்கள் எஞ்சின் துடிக்கிறது. இந்த நிலையில் புதுக் கம்ப்யூட்டர் போட்டால் அதுவும் எரிந்துபோகலாம். இப்போதுள்ளது கெட்டிருந்தால், அதுவும் இப்படித்தான் போயிருக்கலாம்.

இன்சுலேஷன் டேப் சுற்றுவது மருந்தல்ல, ஹார்னஸ் முழுவதையும் மாற்ற வேண்டும். பாகம் கிடைக்காவிட்டால், பழைய பிளக்குகளை வைத்துக்கொண்டு சூடு தாங்கும் சிலிக்கான் அல்லது டெஃப்லான் உறை வயரில் புதிதாகக் கட்டித்தரும் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வயரையும் பழைய அளவிலேயே போடச் சொல்லுங்கள், சென்சார் வயரைச் சுற்றியுள்ள ஷீல்டை (உலோக வலை உறை) விட்டுவிடக் கூடாது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஆக்சுவேட்டருக்குள் போகும் வயரும் அதே வகைதான். ஹார்னஸை மாற்றி இதை விட்டுவிட்டால் சில மாதத்தில் அதே துடிப்பு திரும்ப வரும்.

கையோடு ஃபியூஸ் பெட்டியையும் திறங்கள். இந்த வண்டியில் இரு முனையும் கூம்பாக இருக்கும் பழைய வகை ஃபியூஸ். முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் மின்சாரம் விட்டுவிட்டுத்தான் போகும். செம்பு ஃபியூஸாக வாங்கி மொத்தமாக மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாயில் ஹார்ன், பவர் விண்டோ, லைட் தொல்லைகளில் பாதி தீரும்.

கேள்வி: ஈ250 டீசல். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது!
– திருச்சி வாசகர்

பதில்: பயப்பட வேண்டாம். இந்த எஞ்சினை நிறுத்துவது மின்சாரம் அல்ல, வாக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்). சாவியைத் திருப்பியதும் ஒரு வால்வு திறந்து, மெல்லிய குழாய் வழியாக டீசல் பம்பிலுள்ள டயாஃப்ரத்தை (மெல்லிய ரப்பர் சவ்வு) இழுக்கும், டீசல் நிற்கும். எங்கோ காற்று கசிகிறது, அவ்வளவுதான்.

அதே வாக்குவம்தான் பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கும் போகிறது. அதனால் பெடலைக் கவனியுங்கள். பெடல் வழக்கம்போல இருந்தால் கசிவு மெல்லிய குழாயிலோ, அதன் ரப்பர் இணைப்பிலோ, சாவி வால்விலோ, டயாஃப்ரத்திலோ இருக்கிறது. கை வாக்குவம் பம்பை ஒவ்வொன்றிலும் மாட்டிப் பாருங்கள், முள் இறங்கும் இடம்தான் குற்றவாளி. ரப்பர் இணைப்பு என்றால் சில பத்து ரூபாய். ஆனால் பெடல் கல்லாக இறுகியிருந்தால் எஞ்சின் முன்னாலுள்ள வாக்குவம் பம்பே போயிருக்கலாம், அந்த வண்டியை ஓட்டாதீர்கள். அதன் பேரிங் உடைந்தால் துண்டுகள் டைமிங் செயின் பக்கம் விழுந்து எஞ்சினையே காலி செய்யும்.

இப்போதைக்கு நிறுத்த, மேனுவல் கியர் என்றால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக் கிளட்சை விடுங்கள், அணைந்துவிடும். ஆட்டோமேட்டிக் என்றால் பானெட்டைத் திறந்து பம்பிலுள்ள ஸ்டாப் லீவரை அழுத்துங்கள்.

கேள்வி: டில்லியில் இதே வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. கொண்டுவந்து 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாமா?
– மதுரை வாசகர்

பதில்: முடியாது. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது நிரம்பிய, மூல அமைப்பு மாறாத வண்டிதான் வின்டேஜ். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், நம்பரில் 'விஏ' என்று வரும். அன்றாட ஓட்டத்துக்கும் அனுமதி இல்லை.

டில்லியில் பத்து வயது தாண்டிய டீசலுக்கும் பதினைந்து தாண்டிய பெட்ரோலுக்கும் வந்த கெடுபிடியால்தான் அங்கே விலை மலிவு. பணம் கொடுக்கும் முன் அந்த ஆர்சி உயிரோடு இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள். பதிவு ரத்தான வண்டி வெறும் உதிரிபாகம்தான். உயிரோடு இருந்தால் அங்கிருந்து படிவம் 28-இல் என்ஓசி, இங்கே படிவம் 27-இல் புது நம்பர், பெயர் மாற்றத்துக்கு 29-உம் 30-உம், அதோடு தமிழ்நாட்டு வரி. பதினைந்து வயதுக்குமேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்சி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இருபது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 10,000 ரூபாய், இறக்குமதிக் காரென்றால் 80,000. சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு நீங்களே ஒத்துப்பாருங்கள், புரோக்கர் அனுப்பும் போட்டோ போதாது.

கேள்வி: மாதம் ஒருமுறைதான் எடுப்பேன். தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: அது கெடுதல். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சூடாகாது, உள்ளே வியர்க்கும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும், பேட்டரியும் தேறாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டுங்கள், ஏசியும் ஓடட்டும். கூலன்ட் பென்ஸ் 325.0 அங்கீகாரம் பெற்றதாக, டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதி. பிரேக் ஆயில் டாட் 4, ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பெட்ரோல் வண்டியானால், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ஹோஸ்கள் தாங்காது. 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் (டயரின் மேல் வரிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.