சொந்த ஊரில் கூடாரம் போடக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்து, இப்போது கடனில் வாங்கிய சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். பூர்வீகம் தென்காசி மாவட்டம் கடையம். நானும் மனைவியும் சேர்ந்து கையில் வாங்குவது மாதம் ஒரு லட்சம் ரூபாய். வீட்டுக் கடன் தவணை 31,000. எல்லாச் செலவும் போக ஒன்பதாயிரம் மிஞ்சும். எஃப்.டி.யில் 2 லட்சம் இருக்கிறது. மகள் ஏழாம் வகுப்பு, மகனுக்கு எட்டு வயது. பிள்ளைகள் ஊரைப் பார்த்ததெல்லாம் கல்யாண வீட்டுக்கும் துஷ்டி வீட்டுக்கும் போனபோதுதான், மறுநாளே ரயிலேறிவிடுவோம்.

இந்த மே விடுமுறையில் அம்மாவையும் சேர்த்து ஐந்து பேரும் ஊர்ப்பக்கம் போய் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படுகிறோம். ஒரு சுற்றுலா நிறுவனத்தில் விசாரித்தோம். சென்னையிலிருந்து வேன், செங்கோட்டை தாண்டிக் கூடாரத்தில் நான்கு இரவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,38,000 ரூபாய். மாதம் 11,500 வீதம் 12 தவணை, வட்டி கிடையாதாம். செயலாக்கக் கட்டணம் மட்டும் 2,999. முழுப் பணமாகக் கட்டினால் 1,26,000. தவணையில் போகலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? மனைவி வளையலை அடகு வைக்கலாம் என்கிறாள். அம்மாவோ, "ஊர்ல உங்க அண்ணன் இருக்கான், வீடு இருக்கு. அந்தக் காலத்துல சொரிமுத்தையனார் கோயில்ல குடில் போட்டு இருந்தோமே, அதுக்கு யாருக்குப் பணம் கட்டினோம்?" என்கிறார்.

பதில்: போய்வாருங்கள். கடனும் வேண்டாம், எஃப்.டி.யும் வேண்டாம், வளையலும் வேண்டாம். மே மாதத்துக்குப் பதில் செப்டம்பர் கடைசியில், காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போங்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து 52,000 ரூபாயில் முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அந்த "வட்டியில்லாத் தவணை". முழுப் பணம் கட்டுகிறவருக்கு விலை 1,26,000. தவணைக்காரருக்கு 1,38,000. நடுவே இருக்கும் 12,000 ரூபாய்க்கு வட்டி என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. செயலாக்கக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்து 3,539. இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 22, 23 சதவீத வட்டி வருகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆனாலும் வேறு வேறு பெயரில் அது நம் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கே தவணை விலைக்கும் ரொக்க விலைக்கும் வித்தியாசம் இருக்கிறதோ அங்கே வட்டி இருக்கிறது.

இதைவிட எளிய கணக்கு ஒன்று உண்டு. உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 9,000. தவணை 11,500. முதல் மாதத்திலேயே 2,500 துண்டு விழும். இரண்டாவது மாதம் ஜூன். இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை. அந்த மாதம் கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சமாளிப்பீர்கள். அதில் நிலுவை வைத்தால் மாதத்துக்கே மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி ஓடும். நான்கு இரவுச் சுற்றுலா அடுத்த மே வரைக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

எஃப்.டி.யில் கைவைக்கச் சொல்லாததற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவு, தவணையும் சேர்த்து, 91,000. இரண்டு லட்சம் என்பது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். வீட்டுக் கடனும் வயதான அம்மாவும் இருக்கிற வீட்டுக்கு இதுவே குறைச்சல். நகைக் கடன் வட்டி தனிநபர் கடனைவிடக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வளையல் ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று இருக்கட்டும். கொடுக்க முன்வந்த உங்கள் மனைவிக்கு என் வணக்கம், அதை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இப்போது அம்மா சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்குவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. புலிகள் காப்பகம் என்பதால் இப்போது நாட்களுக்கும் வண்டிகளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பயணத்தின் கணக்கைக் கவனியுங்கள். வண்டி வாடகையைப் பல வீடுகள் பங்கு போடும். அரிசி, பருப்பு, தேங்காய், அண்டா எல்லாம் வீட்டிலிருந்தே வரும். பாய் ஒரு வீடு, பெட்ரோமாக்ஸ் ஒரு வீடு. யாரும் யாருக்கும் சேவைக் கட்டணம் கொடுக்கவில்லை. குடும்பமாக வெட்டவெளியில் தங்குவதற்கு இதைவிட நல்ல பட்ஜெட்டை நான் எந்த ஆலோசகரிடமும் பார்த்ததில்லை. உங்கள் திட்டத்தையும் அதே மாதிரிதான் போட்டிருக்கிறேன்: இரண்டு வீடு, ஒரு வண்டி, ஒரு அடுப்பு.

கூடாரத்தை எங்கே போடுவது? அண்ணன் வீட்டுப் பின்வாசலில், அல்லது ஊருக்குள்ளேயே இருக்கும் தென்னந்தோப்பில். மலையடிவாரத்தில் வேண்டாம். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், கூடாரம் அடிப்பது பற்றிப் பேச்சே இல்லை. காட்டை ஒட்டிய தனியார் தோட்டமும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. கடையம் பக்கத்து அடிவாரத் தோட்டங்களுக்கு யானையும் கரடியும் இறங்கி வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி பக்கம் கூடார விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்துபோனார். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர்விட்டார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. பணத்தைப் பற்றிக் கேட்ட உங்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், "காட்டு ஓரம், ஆள் நடமாட்டமே இல்லை" என்பதற்குத்தான் அந்த நிறுவனம் கூடுதல் விலை கேட்கிறது. எட்டு வயதுப் பையனோடும் அம்மாவோடும் போகிறவர் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. பகலில் மணிமுத்தாறு, அகஸ்தியர் அருவி, ராமநதி அணை என்று போய்விட்டு, இருட்டுமுன் தோப்புக்குத் திரும்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கு நட்சத்திரம் தோப்பிலிருந்தும் தெரியும்.

காலத்தை மாற்றச் சொன்னதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. மே மாதம் அந்தப் பக்கம் கொதிக்கும். கோடை மழை பெய்தாலொழியக் குற்றாலத்தில் பாறையைத்தான் பார்க்க முடியும். சீசன் தொடங்குவது ஜூனில், அப்போது பள்ளி திறந்துவிடும். செப்டம்பர் கடைசியில் வெயில் தணிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை பிடிக்க வழக்கமாக அக்டோபர் நடுப்பகுதி தாண்டிவிடும். இடையே கிடைக்கிற அந்த ஒரு வாரம் கூடாரத்துக்கு ஏற்றது. சேர்த்துவைக்க உங்களுக்கு எட்டு மாதமும் கிடைக்கும்.

இனி 52,000 கணக்கு. ரயிலுக்கு 12,000. அண்ணனோடு பங்கு போட்டு இரண்டு நாள் வேன், ஊருக்குள் ஆட்டோ, பஸ் எல்லாம் சேர்த்து உங்கள் பங்கு 6,000. கூடாரம், பாய், விளக்கு வகைக்கு 8,000. ஐந்து நாள் சமையலில் உங்கள் பங்கு 8,000. நுழைவுக் கட்டணம், பிள்ளைகளின் தின்பண்டம் 2,000. எதிர்பாராததற்கு 4,000. இதுவரை 40,000. மீதி 12,000 எதற்கு என்று கேட்பீர்கள்.

அது ஊர்ச் செலவு. சொந்த ஊர்ப் பயணத்தை மற்ற சுற்றுலாவிலிருந்து பிரிப்பது இதுதான், பெரும்பாலானோர் கணக்கில் எழுதாமல் விடுவதும் இதைத்தான். என் ஊர் கோவில்பட்டிப் பக்கம். சில வருடங்களுக்கு முன் 30,000 என்று திட்டம் போட்டுக் குடும்பத்தோடு போய், திரும்பும்போது 52,000 செலவாகியிருந்தது. ரயிலும் சாப்பாடும் போட்ட கணக்குப்படிதான் இருந்தன. பெரியம்மா வீட்டுக்கு இனிப்பு வாங்கினால் சித்தி வீட்டுக்கும் வாங்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கையில் காசு கொடுக்க வேண்டும். போன வருடக் கோயில் கொடைத் திருவிழாவுக்கான வரி பாக்கி இருந்தது. வீட்டு மோட்டார் ஓடவில்லை. நாங்கள் வந்திருப்பது தெரிந்து ஒரு சடங்கு வீட்டு அழைப்பும் வந்தது. மொய் எழுதாமல் வர முடியுமா? இதில் எதையும் வீண்செலவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மனிதர்களைப் பார்க்கத்தானே போகிறோம். ஆனால் முன்கூட்டியே தொகை ஒதுக்காமல் போனால் ஒவ்வொரு வாசலிலும் மனதுக்குள் கூட்டல் கழித்தல் ஓடும், முகத்தில் அது தெரியும். எனவே 12,000 ரூபாயை ரொக்கமாகத் தனிக் கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். யாருக்கு எவ்வளவு என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கவர் தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

சேமிப்பு: பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை எட்டு மாதம், மாதம் 6,500. மொத்தம் 52,000. மிஞ்சுகிற ஒன்பதாயிரத்தில் 2,500 வீட்டுக்கு நிற்கும். ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடலாமே என்பீர்கள். 6 சதவீத ஆர்.டி.யில் கிடைக்கும் வட்டி சுமார் 1,170. இரண்டரை சதவீதச் சேமிப்புக் கணக்கில் சுமார் 490. எழுநூறு ரூபாய் வித்தியாசத்துக்காகப் பணத்தை அடைத்துவைத்தால் ஜூலையில் ரயில் டிக்கெட்டுக்குக் கை கட்டப்பட்டு நிற்பீர்கள். அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடம் முடியாமல் மூடவும் முடியாது, இதற்கு உதவாது. பதிவு செய்யாத தெருச் சீட்டில் கண்டிப்பாக வேண்டாம். வேறொரு வங்கியில் தனிச் சேமிப்புக் கணக்கு, யு.பி.ஐ. செயலியில் இணைக்காதது, சம்பளம் வந்த மறுநாளே தானாக 6,500 போய்விடும்படி ஏற்பாடு. இவ்வளவு போதும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பரில் 120-லிருந்து குறைத்தார்கள். செப்டம்பர் 26 கிளம்புவதாக இருந்தால் ஜூலை 28 காலை எட்டு மணிக்குத் தயாராக உட்காருங்கள். ஆயுத பூஜைக் கூட்டம் அதே வாரத்தில் வரலாம், தட்கலை நம்பவேண்டாம். எழும்பூரிலிருந்து பொதிகையில் தென்காசி, அங்கிருந்து கடையத்துக்குப் பஸ். ஸ்லீப்பரில் போனால் 12,000-ல் பாதிக்கு மேல் மிச்சமாகும்; அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் மூன்றாம் வகுப்பு ஏசிக்குக் கணக்கிட்டேன். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, அதில் பதியுங்கள். மகனுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்தான்.

உங்கள் சம்பளத்தில் விடுப்புப் பயணப்படி இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், இந்த டிக்கெட்டுகளை அலுவலகத்தில் கொடுங்கள். பயணக் கட்டணத்துக்கு மட்டும் வரிவிலக்கு உண்டு, தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. புதிய முறையில் இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

கூடாரத்தை இப்போதே வாங்காதீர்கள். தெரிந்தவரிடம் இரவல் வாங்கி, அல்லது ஒருநாள் வாடகைக்கு எடுத்து, ஒரு சனிக்கிழமை இரவு உங்கள் ஃபிளாட்டின் மொட்டை மாடியில் ஐந்து பேரும் படுத்துப் பாருங்கள். பிள்ளைகள் விடியும்வரை இருக்கிறார்களா, அம்மாவால் தரையிலிருந்து எழ முடிகிறதா என்பது அன்றே தெரிந்துவிடும். அம்மா திண்ணையில் கட்டிலில் படுக்கட்டும் என்று முடிவானால் ஒரே கூடாரம் போதும், எட்டாயிரத்தில் பாதி மிச்சம். அண்ணன் குடும்பமும் ஆண்டுதோறும் பயன்படுத்துவதாகச் சொன்னால் மட்டும் பாதிப் பாதி போட்டு வாங்கி, ஊர் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கும் மதினிக்கும் போன் போட்டு, செப்டம்பர் கடைசி வாரம் தோப்பில் தேங்காய் வெட்டு இருக்கிறதா, ஊரில் கொடை எதுவும் வருகிறதா என்று கேளுங்கள். அதற்கேற்ப நாளை முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம். என்னென்ன சாமான் எந்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்ற பட்டியலை அம்மா சொல்ல, மகள் எழுதட்டும்.