பிளாக் கிராக் ஆயிட்டா எடைக்குப் போட்றதுதானா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா வாங்குன 1966 மாடல் அம்பாசடர் மார்க் 2. போன மே மாசம் கொடைக்கானல் ஏறும்போது கொதிச்சு நின்னுடுச்சு, அவசரத்துல ஓடைத் தண்ணிய அப்படியே ஊத்திட்டோம், 'டிக்'னு ஒரு சத்தம். இப்ப ஸ்பார்க் பிளக் பக்கம் இன்ஜின் பிளாக்குல (சிலிண்டர் இருக்குற பெரிய இரும்பு உடம்பு) நாலு இஞ்சுக்கு மயிர் மாதிரி கோடு, தண்ணி கசியுது. ஒரு மெக்கானிக் கேஸ் வெல்டிங் வச்சிடலாம்ங்கறாரு, இன்னொருத்தர் எடைக்குப் போட்டுட்டு வேற பிளாக் பாருங்கறாரு. என்ன சார் பண்ணலாம்?
– வாசகர், வத்தலகுண்டு

பதில்: ரெண்டுமே வேணாம். முதல்ல அது கிராக்தானான்னு பாத்துடுங்க, ஏன்னா பக்கத்துல இருக்குற வெல்ஷ் பிளக் (பிளாக்குல உள்ள ஓட்டைய அடைக்குற தகட்டு மூடி) துருப்பிடிச்சு ஓட்டையாகி அந்தத் தண்ணி வழிஞ்சு வந்தாலும் பாக்க இப்படித்தான் இருக்கும். இடத்த நல்லா சுரண்டி, பெட்ரோல்ல கழுவி, டை பெனிட்ரன்ட் (கிராக்குக்குள்ள இறங்குற செவப்பு சாயம்) ஸ்ப்ரே அடிங்க. செவப்பு சாயத்த தொடச்சிட்டு வெள்ளை டெவலப்பர் அடிச்சா கோடு தானா செவப்பா எழும்பி வரும், பெரும்பாலும் நீங்க நெனச்சதவிட நீளமாவே இருக்கும்.

கோடு வெளிப்பக்க வாட்டர் ஜாக்கெட்டோட (சிலிண்டர சுத்தி தண்ணி ஓடுற இடத்தோட வெளிச்சுவர்) நின்னுட்டா பயப்பட ஒண்ணுமில்ல, அங்க தண்ணியோட பிரஷர் மட்டும்தான், பிஸ்டன் அடிக்குற அடி அங்க நேரா விழாது. பிஸ்டன் சுத்தவைக்கிற கிராங்க் தண்டு உக்கார்ற மெயின் பேரிங் பக்கம் கிராக் போயிருந்தாதான் நானும் வேற பிளாக் தேடுங்கன்னு சொல்லுவேன்.

வெல்டிங்குக்கு ஏன் இவ்ளோ பயப்படுறேன்னா, பிளாக் வார்ப்பிரும்பு, கார்பன் அதிகம், வளையாது, உடையும். ஒரு எடத்துல மட்டும் சூடேத்தி ஆறவிட்டா வெல்டு நிக்கும், அதுக்குப் பக்கத்துல இரும்பு கண்ணாடி மாதிரி ஆகி புதுசா ஒரு கிராக் விடும். எனக்கே நடந்துருக்கு, ஃபியட் பிளாக் ஒண்ணு சாயங்காலம் அழகா வெல்டு வச்சு வந்துச்சு, ராத்திரி ஷெட்டுல 'டங்'னு சத்தம், காலைல பாத்தா ரெண்டு கிராக்! வெல்டு வச்சே ஆகணும்னா நிக்கல் ராடுல ஒரு ஒரு இஞ்சா வச்சு, ஒவ்வொண்ணையும் சுத்தியால லேசா தட்டி, கை வைக்கிற சூட்டுக்கு வந்தப்புறம்தான் அடுத்தது வைக்கணும், இல்லன்னா முழு பிளாக்கையும் ஃபர்னஸ்ல சூடேத்தி, வெல்டு வச்சு, சுண்ணாம்புத் தூள்லயோ சாம்பல்லயோ பொதச்சு மெதுவா ஆறவிடணும். இந்தப் பொறுமை இருக்குற ஆள் கெடைக்கறது கஷ்டம்.

உங்களுக்கு ஸ்டிட்சிங்தான் சரி, அதாவது வெல்டு வைக்காம கிராக்க மரை பின்னால தைக்குறது, சூடே கெடையாது. கிராக் எங்க முடியுதோ அங்க ரெண்டு பக்கமும் சின்ன ஓட்டை போட்டா அது மேல ஓடாது. அப்புறம் கோடு நெடுக ஓட்டை போட்டு, டேப் வச்சு மரை எடுத்து, ஸ்டிட்சிங் பின்னை (மரை போட்ட சின்ன ஆணி) முறுக்கி அதோட தலைய வெட்டிடுவாங்க, அடுத்த ஓட்டைய முந்தின பின்னையே கொஞ்சம் கடிச்சுட்டுப் போற மாதிரி போடுவாங்க, இப்படியே கடைசி வரைக்கும் சங்கிலி மாதிரி போகும். கிராக்குக்குக் குறுக்கால லாக் (உலோகப் பட்டை) வச்சு ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சு, மேல கிரைண்ட் பண்ணி பெயின்ட் அடிச்சா எடமே தெரியாது. கப்பல் இன்ஜின், பெரிய ஜெனரேட்டர் வேலை பாக்குறவங்களுக்கு இது பழகுன வேலை, துறைமுகம் இருக்குற ஊர்ல விசாரிங்க. திரும்ப வாங்கும்போது பிளாக்குல தண்ணி போற ஓட்டைய எல்லாம் அடச்சு, சுடுதண்ணில முக்கி காத்து ஏத்தி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. சுடுதண்ணிதான், சூட்டுல விரிஞ்சாதான் சில கிராக் வாயத் தொறக்கும்.

எடைக்குப் போடாதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம், பிளாக் போனா ஆர்சி புக்ல இருக்குற இன்ஜின் நம்பரும் போச்சு. 2021ல வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டி, ஒரிஜினலா இருக்குற வண்டிய விண்டேஜ்னு பதிஞ்சு 'விஏ' நம்பர் வாங்கலாம், அப்ப இந்த நம்பர் முக்கியம். (பதிஞ்சுட்டா டெய்லி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான். யோசிச்சுப் பண்ணுங்க.)

கொதிச்சதுக்கும் காரணம் பாருங்க. கொடைக்கானல் ஒசரத்துல, கிட்டத்தட்ட 2,100 மீட்டர், தண்ணி 93 டிகிரிலயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோட ரப்பர் நல்லா இருந்தா பிரஷர் நின்னு கொதிநிலை ஏறும், ரப்பர் போயிருந்தா மலைல காப்பாத்த ஆளில்ல. இனிமே கொதிச்சா பானெட்ட தொறந்து வச்சிட்டு டீ குடிச்சிட்டு வாங்க, முக்கா மணி நேரம் ஆகட்டும்.

கேள்வி: என் ஃபியட்ல வெளிய ஒரு சொட்டு கூட இல்ல, ஆனா தண்ணி கொறையுது, டிப்ஸ்டிக்ல ஆயில் பால் டீ கலர்ல இருக்கு. பிளாக் போச்சா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்படாதீங்கம்மா, வண்டிய மட்டும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயில்ல தண்ணி கலந்தாத்தான் அந்தக் கலர் வரும். ஃபியட் ஹெட்டு (பிளாக்குக்கு மேல மூடி மாதிரி உக்கார்றது) அலுமினியம், பிளாக் இரும்பு, ஒருதடவை கொதிச்சாலே ஹெட் வளஞ்சு, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கேஸ்கட் போயிடலாம், அது வழியாவும் தண்ணி ஆயில்ல கலக்கும். ஹெட்ட கழட்டி ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான இரும்புப் பட்டை) வச்சு வளஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. சிலிண்டர் செவுத்துலயே கிராக்னா சிலிண்டர போர் பண்ணி லைனர் (உள்ள சொருகுற புது இரும்புக் குழாய்) எறக்கிடலாம்.

கேள்வி: பிளாக் கிராக்குல, கடைல விக்குற எபாக்சி (ரெண்டு பசை கலந்து ஒட்டுறது) தடவுனா நிக்குமா?
– வாசகர், கரூர்

பதில்: வெளிப்பக்க ஜாக்கெட் கிராக்னா, துருவும் எண்ணெயும் சுத்தமா போயிருந்தா, கொஞ்ச காலம் நிக்கும். சிலிண்டர் பக்கமோ ஹெட் போல்ட் பக்கமோ தடவாதீங்க.