அனுபியாஸ் இலை கழன்று மிதக்கிறதா?
இரண்டடி மீன்தொட்டி, நட்டு மூன்று வாரம், அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலைகள் காம்போடு கழல்கின்றன, உரம் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உரக்குறை இல்லைங்க. "மணலில் ஆழமாக நட்டேன்" என்கிறீர்களே, அதுதான் வினை. கிடையாக ஓடும் அந்தத் தடித்த தண்டை மூடினால் அழுகும். வேர் மட்டும்தான் மணலுக்குள் போகலாம்.

செடியை எடுத்துத் தண்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைக்கும். கொழகொழவென்று நாறினால், பச்சைச் சதை தெரியும்வரை புது பிளேடால் வெட்டி எறியுங்கள். மூன்று இலை மிஞ்சினாலே போதும். பிறகு தொட்டிக்குள் வைக்கும் மரக்கட்டையில் கருப்புத் தையல் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் தண்டு அறுபடும்.

அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கியபின். விளக்கு தினமும் 6 மணி நேரம் போதும். மெதுவாக வளரும் செடி, வெளிச்சம் கூடினால் இலைமேல் பாசிதான் படியும்.